பன்னிரண்டு மாலைகளுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமையோடு நம் கூடுகைக்கு ஒரு வருடம் முடிந்துவிட்டது. மாதம் ஒரு மாலை கதை வாசிப்போம், படம் பார்ப்போம் என்றுதான் ஆரம்பித்தோம். கடைசி நாளில் நன்றி சொல்ல எழுந்தவனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நாலு வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஓய்வுபெற்ற பிழைதிருத்துநர் ஐயாவுக்கு. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யை ஒரே மாலையில் வாசித்து முடிக்க முடியாது, இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னவர் அவர். தன் பிரதியையே கொடுத்தார். சினிமாவுக்கு எழுதப் புனேவுக்குப் போன புதுமைப்பித்தன் காசநோயோடு திரும்பியதையும், 1948இல் 42 வயதில் இறந்ததையும் அவர் சொன்னபோது கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. 31 வருடம் கழித்து, அதே குறுநாவலிலிருந்து இயக்குநர் மகேந்திரன் 'உதிரிப்பூக்கள்' படத்தை எடுத்தார். படம் கதையை அப்படியே பின்தொடரவில்லை. அது தன் வழியில் போய், ஓர் ஆற்றங்கரையில் நிற்கிறது. கடைசியில் கதையில் வரும் பிள்ளைகள் இரண்டும் கரையில் தனியாக நிற்பதைப் பார்த்துவிட்டு யாரும் எழுந்து விளக்கைப் போடவில்லை. எழுதியவர் பார்க்காமலே போன படம் அது. அந்த நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

புரொஜெக்டர் தந்த தம்பிக்கு நன்றி. கல்யாண வீடியோ எடுக்கிறவர். முகூர்த்த நாட்களிலும் யாரிடமாவது கொடுத்தனுப்பிவிடுவார். 'உதிரிப்பூக்கள்' முடிந்ததும் ஒயர்களைச் சுற்றிக்கொண்டே, "கேமரா யாருண்ணே? லைட்டே வைக்காத மாதிரி இருக்கு" என்று கேட்டார். அசோக்குமார் என்றேன். அப்புறம் அவரே தேடிப்பிடித்து, மகேந்திரனின் இன்னொரு படமான 'முள்ளும் மலரும்' படத்துக்கு ஒளிப்பதிவு பாலு மகேந்திரா என்று எனக்கு வந்து சொன்னார். அடுத்தடுத்த மாதங்களில் எல்லோருக்கும் முன்னால் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

பாலு மகேந்திரா இயக்கிய 'வீடு' படம் போட்ட மாலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நூலகத்துக்குப் பின்னால் சுவர் வேலை பார்த்துக்கொண்டிருந்த கொத்தனார் அண்ணனையும் அவரோடு வந்த சித்தாள் அக்காவையும் யாரோ உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தீர்கள். கூப்பிட்டவர் யாரென்று இதுவரை தெரியவில்லை, உங்களுக்குத் தனி வணக்கம். படத்தில் சிமெண்ட் திருட்டை ஒரு சித்தாள் பெண் போட்டு உடைக்கும் இடத்தில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். கட்டி முடியாத வீட்டைப் பார்க்கத் தாத்தா குடையோடு தனியாக வரும் காட்சியில், தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர் சுவரைத் தொட்டுத் தொட்டு நடக்கையில், அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாங்க கட்டுற வீட்டுக்கும் இப்படித்தான் பெரியவங்க வருவாங்க" என்றார். அன்றைய கலந்துரையாடலில் அதற்கு மேல் நாங்கள் பேசியது எதுவும் எனக்கு நினைவில்லை.

1988இல் வந்த அந்தப் படத்தின் நெகட்டிவ் இல்லாமல் போனதைச் சொல்லிச் சொல்லி பாலு மகேந்திரா வேதனைப்பட்டார். தமிழ்ப் படங்களுக்கு ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று 2014இல் மறையும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். நல்ல பிரதி தேடி நாங்கள் அலைந்த அலைச்சலில் அவர் வலியின் ஒரு துளி புரிந்தது. வட்டுகளைக் கொடுத்து உதவிய மூன்று நண்பர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அம்மா ஒருவர், கி.ராஜநாராயணனின் 'கிடை'யைத் தன் ஊர்ப் பேச்சிலேயே வாசித்தார். நாங்கள் கண்ணால் படித்துத் தடுக்கிய சொற்களெல்லாம் அவர் வாயில் தண்ணீராக ஓடின. தன் ஊரான இடைசெவலில் இருந்துகொண்டு கி.ராஜநாராயணன் ஏன் கரிசல் பேச்சுக்கென்று ஓர் அகராதியே தொகுத்தார் என்பது அந்த அரைமணி நேரத்தில் விளங்கிவிட்டது. அம்மா, அடுத்த வருடமும் நீங்கள்தான் வாசிக்க வேண்டும்.

நூலகர் அவர்களே, மூடும் நேரம் தாண்டியும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தீர்கள். ஒருநாள்கூட மணியைப் பார்க்கவில்லை. நாற்காலி இழுத்துப் போட்டவர்கள், மழை நாளில் முதியவர்களை வண்டியில் கொண்டுவிட்டவர்கள், டீ கொண்டுவந்தவர்கள் எல்லோரையும் நினைக்கும்போது எனக்கு அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்'தான் ஞாபகம் வருகிறது. ஜெமினி ஸ்டூடியோவில் வருடக்கணக்கில் வேலை பார்த்தவர், நட்சத்திரங்களை விட்டுவிட்டு, படப்பிடிப்புக்கு ஆள் சேர்க்க ஓடும் புரொடக்‌ஷன் மேனேஜர் நடராஜனிடமிருந்து நாவலைத் தொடங்கினார். அந்தப் பார்வைக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஒரு வேண்டுகோள். 'சிற்றன்னை' இருக்கும் தொகுப்பை உங்களில் ஒருவர் வாசிக்க எடுத்துப் போயிருக்கிறீர்கள். அவசரமில்லை, நிதானமாகப் படித்துவிட்டுத் தாருங்கள். பக்க ஓரங்களில் ஐயா பென்சிலால் குறித்திருப்பதையும் சேர்த்துப் படியுங்கள். தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
கூடுகை ஒருங்கிணைப்பாளன்