திரையில் தெரியும் நிழல் குறித்து நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களாக ஒரு பேச்சு கைப்பேசிக்குக் கைப்பேசி பரவி வருவது உங்களுக்கும் தெரிந்திருக்கும். நம் கடையில் வாங்கிய புது டிவியில் சேனல் சின்னத்தின் நிழல் தெரிகிறதாம். ஆகவே கடையில் காட்சிக்கு ஓடிக்கொண்டிருந்த பெட்டியைத் துடைத்துப் புதிது என்று விற்றுவிட்டோமாம். "இந்தக் காலத்துத் திரையில் பர்ன்-இன் எல்லாம் கிடையாது என்று சொல்லித்தானே விற்றார்கள்" என்ற வரியும் அதோடு ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது. பர்ன்-இன் என்றால் அசையாமல் நின்ற படத்தின் தடம் திரையில் தங்கிவிடுவது. இரண்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். வரும், வராது என்று ஒரே சொல்லில் முடிகிற விஷயம் அல்ல என்பதால் மடல் சற்று நீளம்.

பழைய பிக்சர் டியூப் திரைகளில் இது நிச்சயமாக வந்தது. கண்ணாடியின் உட்புறம் பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள், எலெக்ட்ரான் கற்றை ஒரே இடத்தில் விழுந்துகொண்டே இருந்தால் அந்த இடத்தில் மட்டும் மங்கிப்போகும். திரையை அணைத்த பிறகும் எழுத்துகளின் தடம் தெரிந்த மானிட்டர்கள் உண்டு. ஸ்க்ரீன்சேவர் பிறந்ததே இதைத் தடுக்கத்தான். பிளாஸ்மா டிவியிலும் பாஸ்பர்தான். அங்கேயும் அதே தொல்லை. இந்த இரண்டு வகையும் இப்போது விற்பனையில் இல்லை, அதனால் இத்தோடு விட்டுவிடலாம்.

இன்று பெரும்பாலான வீடுகளில் இருப்பது எல்சிடி. எல்இடி டிவி என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், கியூஎல்இடி என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது எல்சிடி பேனல்தான். எல்இடி என்பது அதன் பின்விளக்கு மட்டும். இதில் பிக்சல் (படத்தை உருவாக்கும் சிறு புள்ளி) தானாக ஒளி விடுவதில்லை. விளக்கு வெளிச்சத்தை விடலாமா மறைக்கலாமா என்று திரவப் படிகம் திரும்பிக் கொடுக்கிறது, அவ்வளவே. எனவே பிக்சல் எரிந்து தேய்வது என்ற பேச்சே இங்கில்லை. ஆனால் நிழல் வராது என்று சொல்ல முடியாது. திரவப் படிகத்துக்குக் கொடுக்கும் மின்னழுத்தம் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும்) திசை மாறிக்கொண்டே இருக்க வேண்டும். அசையாத படம் மணிக்கணக்கில் நின்றால், அந்த மாற்றத்தில் இருக்கும் சிறு ஏற்றத்தாழ்வு சேர்ந்து, படிகத்தில் கலந்திருக்கும் அயனி மாசுகள் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். படம் போன பிறகும் படிகம் முழுதாகத் தன் நிலைக்குத் திரும்பாது. டாஸ்க்பாரின் கோடு, எக்செல் கட்டம், கேமரா கண்காணிப்பு மானிட்டரில் நாலு பெட்டிகளின் எல்லை, இவையெல்லாம் இப்படித்தான் தங்குகின்றன.

இது அநேகமாகத் தானே போய்விடும். படம் எவ்வளவு நேரம் நின்றதோ அவ்வளவு நேரமாவது திரையை அணைத்து வையுங்கள். அல்லது அசையும் படத்தை ஓட விடுங்கள். ஐபிஎஸ் என்ற எல்சிடி வகை மானிட்டரில் ஒரு நாள் வேலைக்குப் பின் தெரியும் நிழல் மறுநாள் காலையில் இல்லாமல் போவது சாதாரணம். ஒரே அட்டவணையை மாதக்கணக்கில் இரவும் பகலும் காட்டும் அறிவிப்புத் திரைகளில் மட்டும் முழுதும் போகாமல் தங்கிவிடுவதுண்டு. எல்சிடியின் மூலைகளில் மஞ்சள் படிவது, நடுவில் வட்டமாக வெளுப்பது ஆகியவை பின்விளக்கு, அதன் ஒளியைப் பரப்பும் டிஃப்யூசர் தாள் சம்பந்தப்பட்ட வேறு பழுதுகள். அதைப் பர்ன்-இன் என்று சொல்லிக்கொண்டு வருபவர்களும் நிறைய; அதைச் சரிசெய்ய முடியும் என்பது நல்ல செய்தி.

ஓஎல்இடிதான் இப்போதைய சிக்கலின் இடம். இதில் ஒவ்வொரு துணைப் பிக்சலும் (பிக்சலுக்குள் இருக்கும் நிறப் புள்ளி) தானே ஒளி விடுகிறது. அதிலுள்ள கரிமச் சேர்மம் எரியும் நேரத்துக்கும் பிரகாசத்துக்கும் ஏற்பத் தேய்கிறது. பிரகாசத்தை இரட்டிப்பாக்கினால் தேய்மானம் இரட்டிப்புக்கும் மேலே போகும். நீலம் முதலில் சோரும். ஒரு சின்னத்தின் இடம் மட்டும் அதிகம் எரிந்தால் அந்த இடம் மற்றவற்றைவிட மங்கும். எதிர்ப்புறமாகவும் நடக்கும்: மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு படம் பார்த்துக்கொண்டே இருந்தால், பட்டைப் பகுதி தேயாமல் நடுப்பகுதி மட்டும் தேயும். நெடுநாள் மாட்டியிருந்த படத்தைக் கழற்றினால் சுவரில் அந்தச் சதுரம் மட்டும் வெளுக்காமல் தெரியுமே, அப்படி.

கணக்காகப் பார்த்தால் கணினி வேலையே டிவியைவிடக் கடுமை. நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 250 வேலை நாள் என்றால், டாஸ்க்பார் மட்டும் 2,000 மணி நேரம் ஒரே இடத்தில் எரிகிறது. செய்திச் சேனலை நாளுக்கு 3 மணி நேரம் வைத்தால் அதன் சின்னத்துக்கு ஆண்டில் சுமார் 1,100 மணி நேரம்.

இனி "பழையதை விற்றார்கள்" என்ற பேச்சுக்கு வருவோம். சொல்லவே வேதனையாக இருக்கிறது. ஆனாலும் விளக்கமாகவே சொல்கிறோம். புது ஓஎல்இடியில் முதல் சில வாரங்களில் தெரியும் நிழல் பெரும்பாலும் தேய்மானம் அல்ல. பிக்சலுக்குப் பின்னால் இருக்கும் டிரான்சிஸ்டரின் இயக்க மின்னழுத்தம் தற்காலிகமாக நகர்ந்திருக்கும். அதை அளந்து திருத்த டிவிக்குள்ளேயே ஒரு சுழற்சி இருக்கிறது. பல மாடல்களில் மொத்தம் 4 மணி நேரம் பார்த்து முடித்து, ரிமோட்டில் அணைத்த பிறகு, ஸ்டாண்ட்பையில் சில நிமிடம் அது ஓடும். ரிமோட்டில் அணைத்த கையோடு சுவர் சுவிட்சையும் தட்டிவிட்டால் அது ஓடாது. மின்சாரம் மிச்சம் என்று ஒவ்வொரு இரவும் சுவிட்சை அணைக்கும் வீடுகளில் திருத்தம் ஒருமுறைகூட நடந்திருக்காது; நிழல் நாளுக்கு நாள் கூடும். புகார் வந்த பெட்டியை ஒரு வாரம் சுவிட்ச் அணைக்காமல் வைத்துப் பாருங்கள் என்று நாங்கள் கேட்பது இதற்காகத்தான், தட்டிக் கழிக்க அல்ல.

காட்சிப் பெட்டியா என்று கண்டுபிடிக்க எங்கள் வாய்ச்சொல் வேண்டியதில்லை. டிவி மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைப் பெட்டியே எண்ணி வைத்திருக்கும். சில மாடல்களில் சாதாரண மெனுவிலேயே இருக்கும், மற்றவற்றில் சர்வீஸ் மெனுவில். காட்சிக்கு வைத்த பெட்டி நாளுக்கு 10 மணி நேரம் ஓடினால் ஒரே மாதத்தில் 300ஐத் தொடும், அதுவும் காட்சிக்கென்றே டிவியில் உள்ள கடைப் பயன்முறையின் உச்சப் பிரகாசத்தில். அந்த எண் பொய் சொல்லாது. தொழிற்சாலைச் சோதனையும் பொருத்திப் பார்ப்பதும் சேர்ந்து சில மணி நேரம் காட்டினால் அது இயல்பு. இனி டெலிவரி அன்று உங்கள் கண் முன்னால் அந்த எண்ணைத் திறந்து காட்டி, பில்லில் எழுதிக் கையெழுத்திடுவோம். காட்சிப் பெட்டியை விற்றால் அப்படியே சொல்லித்தான் விற்போம்.

வீட்டிலேயே சோதிக்க: திரையை அரை மணி நேரம் ஓட விட்டு, அறையை இருட்டாக்கி, திரை முழுக்க 50% சாம்பல், பிறகு சிவப்பு, பச்சை, நீலம், மெஜந்தா என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். தேய்மானம் சாம்பலில் ஒளிந்து, சிவப்பிலோ மெஜந்தாவிலோ வெளிப்படுவதுண்டு. 5% சாம்பலில் தெரியும் செங்குத்துக் கோடுகள் பேனல் தயாரிப்பிலேயே வருபவை. கைப்பேசிக் கேமரா அதை ஊதிப் பெரிதாக்கும், எனவே படமெடுத்து அனுப்பி முடிவு கேட்காதீர்கள். கணினியிலும் கைப்பேசியிலும் நிழல் தெரியும்போது ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேறு திரையில் பாருங்கள். அதிலும் நிழல் இருந்தால் மென்பொருள் கோளாறு. பேனல் நன்றாக இருக்கிறது. கைப்பேசியைத் திருப்பும்போது நிழல் படத்தோடு திரும்பாமல் கண்ணாடியில் அதே இடத்தில் நின்றால் பேனல்தான்.

ஓஎல்இடி டிவியின் மெனுவில் பிக்சல் ரெஃப்ரெஷ் என்று கையால் இயக்கும் நீண்ட சுழற்சி ஒன்று இருக்கும். சுமார் ஒரு மணி நேரம் ஆகும். இடையில் திரையில் ஒரு கோடு தெரியலாம், பயந்து பிளக்கைப் பிடுங்காதீர்கள். குறுகிய சுழற்சிகள் பல ஓடியும் நிழல் போகாவிட்டால் மட்டும் ஒருமுறை செய்யுங்கள். வாராவாரம் செய்வது பயனற்றது. தேய்ந்த பிக்சலுக்குக் கூடுதல் மின்னோட்டம் கொடுத்துச் சமன் செய்வதுதான் இந்தத் திருத்தம். கூட்டிக் கொடுக்க இடமிருக்கும் வரைதான் அது நடக்கும். அந்த இருப்பு தீர்ந்தால் பேனலை மாற்றுவதைத் தவிர வழியில்லை. வண்ணங்கள் மின்னும் "பர்ன்-இன் நீக்கும்" வீடியோக்கள் எல்சிடியில் ஒரே நிறத்தில் சிக்கிக்கொண்ட பிக்சலுக்குச் சில நேரம் உதவும். ஓஎல்இடியில் அவை மீதிப் பிக்சல்களையும் தேய்த்து வித்தியாசத்தைக் குறைக்கும். அது வைத்தியமே அல்ல.

தடுப்பதில் பெரிய வித்தை எதுவுமில்லை. பிரகாசத்தைக் குறையுங்கள், எழுத்து வேலைக்கு 120 நிட் (திரைப் பிரகாசத்தின் அலகு) அளவு தாராளம். டாஸ்க்பார் தானே மறையும்படி வையுங்கள். ஸ்க்ரீன்சேவர் வேண்டாம், 5 நிமிடத்தில் திரையே அணையட்டும். திரை நகர்வு (படத்தை அவ்வப்போது சற்றே நகர்த்துவது), சின்னத்தின் ஒளி குறைப்பு ஆகிய அமைப்புகள் திரையை மங்கலாக்குகின்றன என்று எரிச்சல்பட்டு அணைக்கச் சொல்பவர்கள் உண்டு. அணைக்க வேண்டாம். நாள் முழுக்க விரிதாளும் நிரல் எழுத்துமே வேலை என்றால் எல்சிடி மானிட்டரையே வாங்குங்கள். விற்பனை குறைந்தாலும் இதையே சொல்வோம்.

அடுத்த மாதம் முதல் ஓஎல்இடி நிரந்தர நிழல் எங்கள் கூடுதல் உத்தரவாதத்தில் சேராது. தயாரிப்பாளர் உத்தரவாதம் அதன் விதிப்படி.

பரவிய பேச்சைக் கேட்டவுடன் கடைக்கு வந்து "என்னதான் நடந்தது?" என்று நேராகக் கேட்டவர்களுக்கும், எங்களுக்காக மற்றவர்களிடம் பதில் சொன்னவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் இல்லாவிட்டால் இந்த மடலை எழுதும் தெம்பே வந்திருக்காது. திரையில் நிழல் பார்ப்பவர்கள் டிவியைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வர வேண்டாம். மாடல் எண், ஓடிய மணி நேரம், சுவர் சுவிட்ச் அணைக்கும் வழக்கம் உண்டா என்ற மூன்றையும் முதலில் தொலைபேசியில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் பழுது பார்க்கும் பணியாளர்களும்