வைல்பி பாதிரியாரின் கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குற்றக்கதைகளின் வரலாறு 1841-இல் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவிடம் தொடங்குவதாகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, 1829-இல், டென்மார்க்கின் கிராமத்துப் பாதிரியார் ஒருவர் பழைய கொலை வழக்கொன்றைக் கதையாக எழுதி வெளியிட்டிருக்கிறார். டேனியர் என்றாலே தரங்கம்பாடிக் கோட்டையோடு நின்றுவிடும் நமக்கு ஸ்டீன் ஸ்டீன்சன் பிளிக்கரின் பெயர் எட்டாமல் போனதில் வியப்பில்லை.

1782-இல் ஜட்லாந்துப் பகுதியில் பாதிரியாரின் மகனாகப் பிறந்த அவர், கோபன்ஹேகனில் இறையியல் பயின்று, தந்தை வழியிலேயே பாதிரியாராகி, கடைசியாக ஸ்பென்ட்ரப் என்ற ஊரில் நெடுங்காலம் பணியாற்றினார். கடனும் குடியும் அவரை விடவில்லை. 1847-இல் பதவி போயிற்று. மறு ஆண்டு காலமானார்.

அந்தக் கதைக்கு அவர் எடுத்துக்கொண்டது, 1626-இல் மெய்யாகவே மரண தண்டனைக்கு உள்ளான வைல்பி ஊர்ப் பாதிரியாரின் வழக்கு. கதையில், தீர்ப்பு வழங்க வேண்டிய நீதிபதிதான் அந்தப் பாதிரியாரின் மகளை மணக்க இருப்பவர். கதையின் பெரும்பகுதி அந்த நீதிபதியின் நாட்குறிப்பாகவே நகர்கிறது. காணாமற்போன வேலைக்காரனின் பிணம் தோட்டத்தில் கிடைத்ததும், முன்கோபியான பாதிரியார் தாமே அடித்துக் கொன்றிருப்போம் என்று நம்பிவிடுகிறார். தண்டனை நிறைவேறி இருபத்தோரு ஆண்டுகள் கழித்து, அந்த வேலைக்காரன் பிச்சைக்காரனாகத் திரும்பி வந்து நிற்கிறான்! இதில் துப்பறிவாளர் எவரும் இல்லை என்பதால், போவுக்குரிய இடத்தைப் பறிக்க நான் வரவில்லை. ஆனால் நீதிபதிக்குத் தெரிந்த அளவே நமக்கும் தெரியும்படி எழுதி, அவரோடு நம்மையும் தவறான தீர்ப்புக்கு இழுத்துச் செல்லும் உத்தி 1829-க்குப் புதிதல்லவா?

எனக்கு அதைவிட நெருக்கமானது 1842-இல் வந்த அவருடைய மற்றொரு நூல். கம்பளி நூல் பின்ன ஒரு வீட்டில் கூடும் கிராமத்தார், தங்கள் ஜட்லாந்து வட்டார வழக்கிலேயே ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எங்கள் வீட்டு வளவில் ஓலையை நனைத்து வைத்துக்கொண்டு கொட்டான் முடைந்த அப்பத்தாவும், கை ஓய்ந்தால் கதையும் ஓய்ந்துவிடும் என்பதற்காக ஓலையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்த நாங்களும் நினைவுக்கு வந்தோம்.

அக்கட்டுரை நூலாகும்போது போவுக்கு முன்னால் பிளிக்கருக்கும் ஒரு பத்தி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காரைக்குடி.