முதலில் வந்தவர்தான் பெரியவரா? மார்மன் முன்னோடிகளின் வாரிசுகளுக்கு ஒரு திறந்த மடல்

யூட்டாவில் குடும்ப வரலாறு எழுதும் அன்பர்களுக்கு,

வணக்கம். 1853-இல் அமெரிக்கக் கிறிஸ்தவப் பிரிவான மார்மன் மதத்தைப் பரப்ப மதராஸ் வந்த ரிச்சர்ட் பாலண்டைனைத் தேடிப்போய், உங்கள் குடும்ப வரலாறுகளில் மாட்டிக்கொண்டவன் நான். பெரும்பாலும் எல்லாரும் ஒரே கணக்கைத்தான் போடுகிறீர்கள்: கொள்ளுத்தாத்தா எந்த ஆண்டு, எந்தப் பயண அணியில் யூட்டா வந்தார்? 1869 மே 10-இல் அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் சேர்க்கும் ரயில் பாதை இணைந்தது. அதற்கு முன் வந்தவர் முன்னோடி. மறுவாரம் வந்தவர் வெறும் குடியேறி. முன்னோடி வாரிசுகளின் சங்கத்தில் உறுப்பினராக அந்தத் தேதி போதும். ஒருவரின் வரலாற்று மதிப்பை எடைபோடப் போதாது.

போதுமென்றால் கிரீன் ஃபிளேக்கை எங்கே வைப்பீர்கள்? 1847 ஜூலையில் மார்மன் தலைவர் பிரிகாம் யங்குக்கு முன்பே சால்ட் லேக் பள்ளத்தாக்கில் இறங்கியவர். அடிமை. சால்ட் லேக் நினைவுச்சின்னத்தில் அவர் பெயரை 'கறுப்பின வேலைக்காரர்கள்' என்று தனியாக ஒதுக்கிப் பொறித்திருக்கிறார்கள்.

வீரக்கதைகளிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1856 நவம்பரில் பனியில் சிக்கிய, கைவண்டி இழுத்து நடந்து வந்த மார்ட்டின் அணியை, 18 வயது இளைஞர்கள் மூவர் சுமந்து ஸ்வீட்வாட்டர் ஆற்றைக் கடத்தினார்கள், அந்தக் குளிரே மூவர் உயிரையும் குடித்தது என்பது நீங்கள் சொல்லிச் சொல்லி வளர்ந்த கதை. ஆற்றில் இறங்கியவர்கள் மூவர் மட்டுமல்ல. அந்த மூவரில் ஒருவரான டேவிட் கிம்பால் 1883 வரை இருந்தார். கதை இந்த உருவத்தில் அச்சேறியதோ அரை நூற்றாண்டு கழித்து. உறைந்த ஆற்றில் இறங்கியதே அசாத்தியம். அதோடு சாவையும் ஏன் ஒட்டவைக்க வேண்டும்?

என்னைக் கேட்டால், தலைவர்களின் பக்கத்தில் நின்ற பலரைவிட மருத்துவச்சி பேட்டி செஷன்ஸ் முக்கியமானவர். 52 வயதில் சமவெளி கடந்து வந்தவர், வாழ்நாளில் ஏறக்குறைய 4000 பிரசவம் பார்த்தவர். யார் வீட்டில், என்றைக்கு, ஆணா பெண்ணா என்று நாட்குறிப்பில் இரண்டு வரி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். வழியில் பெண்கள் பட்ட பாட்டை அறிய இன்று அந்த வரிகளைத்தான் புரட்டுகிறோம்.

முக்கியமானவர் எல்லாரும் நல்லவர் என்றும் இல்லை. 1857 செப்டம்பரில் மவுண்டன் மெடோஸில் சுமார் 120 பயணிகளைக் கொன்ற மார்மன் குடிப்படையில் உங்கள் பாட்டன்மார் சிலரும் இருந்தார்கள். தண்டனை பெற்றது ஜான் டி. லீ ஒருவர்தான், அதுவும் இருபது ஆண்டு கழித்து. உங்கள் தாத்தா அங்கே இருந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

வீட்டில் பழைய நாட்குறிப்பு இருந்தால் பக்கம் விடாமல் நகலெடுத்து ஆவணக்காப்பகத்தில் கொடுங்கள். எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டாம். பலதார மணக் காலத்து இரண்டாம் மனைவியின் பெயரை அடிக்கவும் வேண்டாம்.