வீட்டிலேயே மிஷன் பாடம்: பெற்றோர் கவனத்துக்கு

அனைவருக்கும் ஸ்தோத்திரம். பிள்ளைகளுக்கு மிஷனரி ஊழியத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கத் தனி வகுப்பு வேண்டாம். சாப்பாட்டு நேரமும் குடும்ப ஜெபமும் போதும்.

உலக வரைபடத்தைப் பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். மாதத்துக்கு ஒரே நாடு. வாரந்தோறும் மாற்றினால் பெயர்கூட மனதில் நிற்காது. "எல்லா மிஷனரிகளையும் ஆசீர்வதியும்" என்ற ஜெபம் சிறுவர்களுக்குப் பிடிபடுவதில்லை. ஒரு ஊழியக் குடும்பம், ஒரு தேவை என்று சொல்லிக்கொடுங்கள்: மொழி கற்பது, பிள்ளைகளின் படிப்பு, உடல்நலம்.

இந்த மாதம் பர்மா (இன்றைய மியான்மர்). அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் அங்கே போனது 1813இல். அவருடைய ஊழியத்தில் முதல் ஞானஸ்நானம் 1819இல்தான். ஆறு கட்டங்கள் வரைந்து, இரவுக்கு ஒன்றாக வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். ஆறு வருடக் காத்திருப்பு கையாலேயே புரியும். வெறும் தேதியாகச் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

காணிக்கைக்கு நீங்கள் காசு கொடுத்துப் போடவைக்காதீர்கள். தன் சேமிப்பிலிருந்து சிறிதளவு எடுக்கட்டும்.

"பாவம், அந்த ஜனங்கள்" என்ற பேச்சு வேண்டவே வேண்டாம். பிள்ளைக்கு அன்பு வராது, பெருமைதான் வரும். அவர்களுடைய மொழியில் ஒரு வணக்கம் கற்றுக்கொடுங்கள்.

முக்கியமாக: ஊழியத்துக்குக் கட்டுப்பாடுள்ள நாடுகளில் இருக்கும் மிஷனரிகளுக்குக் கடிதம் எழுதுமுன் அவர்களை அனுப்பிய சபையிடம் கேளுங்கள். "மிஷனரி" என்ற ஒரு சொல்லே அவர்களை ஆபத்தில் மாட்டிவிடலாம். அவர்களின் படங்களை வேறு குழுக்களில் பகிர வேண்டாம்.