கடற்கரைக்கு வரும் குடும்பங்களுக்கு ஒரு குட்டி நாற்காலி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று வயதுப் பேத்தியையும், மூட்டுவலிக்காரியான என் மனைவியையும் மெரினாவுக்கு அழைத்துப் போனேன். எங்கள் பகுதியிலிருந்து தாழ்தளப் பேருந்து கிடைத்தது. படி ஏறும் தொல்லை இல்லாததால் மனைவி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு! 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக மணலில் மரப்பாதை திறந்தார்களே, அதில்தான் மெதுவாக நடந்து அலையைப் பார்த்தோம். திறந்த சில நாட்களிலேயே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது; சரிசெய்ததற்கு நன்றி சொல்ல வேண்டும்.

அப்புறம்தான் சாப்பாட்டுப் பாடு. சுண்டலும் பஜ்ஜியும் பெரியவர்களுக்குச் சரி, குழந்தைக்கு? திருவல்லிக்கேணிப் பக்கம் ஓர் உணவகத்தில் நுழைந்தோம். குழந்தை உட்கார உயர நாற்காலி இல்லை. என் மடியில் வைத்து ஊட்டினேன். பாதி சாம்பார் என் வேட்டிக்கே. "காரமில்லாமல் ஒரு இட்லி, நெய் தொட்டு" என்றால், பரிமாறுபவர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். கை கழுவும் தொட்டி பேத்தியின் தலைக்கு மேலே இருந்தது.

பெரிய செலவு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு உயர நாற்காலி, தொட்டியடியில் ஒரு முக்காலி, ஒரு கிண்ணம் பருப்பு சாதம். கடற்கரைச் சாலையைச் சுற்றியுள்ள உணவகக்காரர்கள் இதைச் செய்தால் நாங்கள் மாதம் இரண்டு முறை வருவோம். திரும்பும்போது ஆட்டோக்காரர் கேட்ட கூலியைப் பற்றி இன்னொரு கடிதம் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாத்தா, சென்னை