பூநோன்புப் பாட்டில் பாதி உன்னிடம் இருக்கிறது

அன்புள்ள தோழிக்கு,

நலம். உன் நலமும் பேரன் பேத்திகளின் நலமும் அறிய ஆவல். பொங்கலுக்கு வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிப் போய் எட்டு நாளாகிறது. ஆசாரக் கூடத்தில் விரித்திருந்த பவானி ஜமக்காளங்களை நேற்றுத்தான் வெயிலில் போட்டு உதறி மடித்து வைத்தோம். நான் இன்னும் இங்கே, தோட்டத்தில்தான் இருக்கிறேன். அண்ணன் மனைவி பெரிய நங்கைக்கு முழங்கால் அறுவை செய்து மூன்று மாதம்தான் ஆகிறது. தை முடியும்வரை கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று என் வீட்டில் சொல்லிவிட்டேன்.

இந்த வருடம் ஐம்பத்தெட்டுப் பேர். ஜனவரி 15 வியாழக்கிழமை பொங்கல் வந்ததால் ஞாயிறு வரை நான்கு நாளும் விடுமுறையாக அமைந்துவிட்டது. திருப்பூர், கோவை, ஓசூர், பெங்களூரு என்று இருக்கிற பிள்ளைகள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். அப்பாரு காலத்தில் ஒரே அடுப்பாக இருந்த குடும்பம் இப்போது பதினோரு அடுப்பாகிவிட்டது. நாம் பள்ளிக்கூடம் போகும்போது இந்த ஊர் கோயம்புத்தூர் மாவட்டம். 1979-ல் பெரியார் மாவட்டம் என்றார்கள், பிறகு அதுவே ஈரோடு மாவட்டமாயிற்று, 2009-ல் திருப்பூர் மாவட்டத்தில் சேர்த்தார்கள். அத்தனை விலாசத்துக்கும் இந்த ஒரு வீட்டுக்குத்தான் கடிதம் வந்துகொண்டிருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

ஆனால் இந்த வருடம் வீட்டில் நடப்பதாகவே இல்லை. காங்கேயத்தில் மண்டபம் பிடித்து, சமையலுக்கு ஆள் வைத்துவிடலாம் என்று மார்கழி பிறந்ததுமே அண்ணன் மகன் சொன்னான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அறுவை செய்த காலோடு தாய் அடுப்படியில் நிற்பதைப் பார்க்க அவனுக்கு மனம் வரவில்லை. நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. நங்கை நிற்கக் கூடாது, சரி. அதற்காக வீட்டைப் பூட்டிவிட்டு மண்டபத்தில் போய் உட்கார்ந்தால் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்த காப்பை எந்தக் கூரையில் கட்டுவது? மாட்டுப்பட்டி அங்கே எங்கே இருக்கிறது? இரண்டு நாள் பேசிப் பேசி, பொங்கலன்று மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் சமையல்காரர், மற்றதெல்லாம் நாமே என்று முடிவாயிற்று. நங்கையை நாற்காலியில் உட்கார வைத்தோம். உட்கார்ந்த இடத்திலிருந்தே உப்பு முதல் ஊதுபத்தி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பட்டிப் பொங்கலன்று விடியற்காலையில் சந்தவை. புழுங்கலரிசி மாவை இட்லியாக அவித்து, ஆவி பறக்க அச்சில் இட்டுப் பிழிய வேண்டும் அல்லவா? இட்லி கொஞ்சம் ஆறிவிட்டாலும் கைப்பிடி அசையாது. ஒருத்தி அடுப்பிலிருந்து எடுக்கிறாள், ஒருத்தி அச்சில் போடுகிறாள், இரண்டு பேர் கைப்பிடியின் இரு பக்கமும் நின்று சுற்றுகிறார்கள், கீழே ஒருத்தி தட்டை வட்டமாகத் திருப்பித் திருப்பி இழைகளை ஏந்துகிறாள். தட்டு பிடித்தது ஓசூரிலிருந்து வந்த பத்து வயதுப் பேத்தி. முதல் தட்டில் இழையெல்லாம் ஒரே பக்கமாகக் குவிந்துவிட்டது. நங்கை நாற்காலியிலிருந்து, "தட்டை நீ திருப்பாதே கண்ணு, இழை போகிற பக்கம் உன் கை போகட்டும்" என்றார். நான்காவது தட்டில் பூப்போல விழுந்தது. அதை யாருக்கும் கொடுக்காமல் தன் அப்பாவிடம் கொண்டுபோய் நீட்டினாள். தேங்காய்ப் பாலும் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையும் ஊற்றி அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். சந்தவை தனியாளாகச் செய்கிற பலகாரம் இல்லை. ஐந்து பேர் வேண்டும், ஐந்து பேருக்கும் அந்த நேரத்தில் வேறு வேலை இருக்கக் கூடாது. மண்டபம் வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு இது ஒன்றே போதும்.

மாடுகள் குறைந்துவிட்டன. இரண்டு மயிலைப் பசுக்களும் ஒரு கன்றும்தான். கன்று பிறந்தபோது செவலையாக இருந்தது. காங்கேயம் கன்றுகள் ஆறு மாதத்துக்குள் நிறம் மாறிவிடும் என்று நான் சொன்னதைப் பெங்களூரு பிள்ளைகள் நம்பவே இல்லை. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு காங்கேயம் காளை என்ற பெயர் நகரத்துப் பிள்ளைகளுக்கும் தெரிகிறது, கன்றைத்தான் தெரியவில்லை. காதோரம் மட்டும் இன்னும் சிவப்பு மிச்சம் இருந்ததைக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள். சாயங்காலம் பட்டியில் மண்ணால் சின்னக் குளம்போலத் தெப்பம் கட்டி, ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வைத்து, பொங்கலும் பழமும் பிசைந்து மாடுகளுக்கு ஊட்டினோம். "பட்டி பெருக, பால் பானை பொங்க" என்று அண்ணன் குரல் கொடுக்க, பிள்ளைகள் தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டு கூடவே கத்தினார்கள். பசுக்கள் தெப்பத்தை மிதித்துப் போயின. கன்று ஒரே தாண்டாகத் தாண்டிவிட்டது.

இனித்தான் நான் எழுத வந்த விஷயம்.

மறுநாள் பூநோன்புக்குப் பூப்பறிக்கப் போனோம். பல வருடமாக விட்டுப் போயிருந்தது உனக்குத் தெரியும். அண்ணனின் பேத்தி மார்கழி முழுவதும் வாசலில் வைத்த சாணிப் பிள்ளையார்களை எடுத்து உலர்த்தி, முறத்தில் அடுக்கி வைத்திருந்தாள். "இதையெல்லாம் எங்கே விடுவது அம்மிச்சி?" என்று என்னைக் கேட்டாள். அவளுக்கு நான் அம்மிச்சி முறை இல்லை, எல்லாப் பிள்ளைகளும் கூப்பிடுவதைப் பார்த்து அவளும் அப்படியே கூப்பிடுகிறாள். நாம் நொய்யலில் விட்டோம் என்று சொன்னேன். அந்த ஆற்றுக்கு இப்போது பிள்ளைகளை எப்படிக் கூட்டிப் போவது? சாயக் கழிவு வந்து ஆறு கெட்டதும், பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணையில் கழிவுநீர் தேங்கி நின்றதும் நீ அறியாததல்ல. நாம் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று கூடையைக் கவிழ்த்த இடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஊர்க் குட்டையில் விட்டோம்.

நாம் பூப்பறித்த மேய்ச்சல் கொரங்காட்டில் பாதியை மனை போட்டுவிட்டார்கள். மிச்சமிருக்கும் கிளுவை வேலியோரம் ஆவாரை நன்றாகப் பூத்திருந்தது. ஒன்பது பெண் பிள்ளைகள். கச்சாயமும் கரும்பும் தின்று முடித்து, கூடைகளை நடுவில் வைத்து, "கும்மி சொல்லிக் கொடுங்கள்" என்று சுற்றி நின்றார்கள். நான் தொடங்கினேன். முதல் அடி வந்தது. அடுத்த அடி வரவில்லை. மூன்றாவது வந்தது, நான்காவது வரவில்லை. மறதி என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் விளங்கியது. நாம் எதிரெதிரே நின்று, நான் ஓரடி நீ ஓரடி என்றல்லவா பாடினோம்? உன் அடிகளை நான் ஒருநாளும் வாய்விட்டுப் பாடியதே இல்லை. ஏழெட்டு வருடம் ஒவ்வொரு தையிலும் கேட்டேன், கை தட்டினேன், அவ்வளவுதான். தாளம் இப்போதும் கையில் இருக்கிறது, சொல் இல்லை.

பிள்ளைகள் ஒன்றும் குறை சொல்லவில்லை. தெரியாத அடி வரும்போதெல்லாம் வெறுமனே கை தட்டிச் சுற்றினார்கள். அந்த வெற்றுத் தட்டல் என்னைத் தூங்கவிடவில்லை.

உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அவ்வளவையும் எழுதி அனுப்பு. எழுத முடியாவிட்டால் பேத்தியின் போனில் பாடிப் பதிவு செய்து அனுப்பு. குரல் நடுங்கினாலும் பரவாயில்லை, மூச்சு வாங்கினால் நிறுத்தி நிறுத்திப் பாடு. என் அடிகளை இத்துடன் தனித்தாளில் எழுதி, உன் அடிகளுக்கு இடையில் இடம் விட்டிருக்கிறேன். ஐந்தாவது இடத்தில் உன் அம்மா ஏதோ ஒரு சொல்லை மாற்றிப் பாடச் சொல்வார்களே, அது எது என்றும் குறித்து வை. அடுத்த தைக்கு நீயே வந்துவிட்டால் இன்னும் நல்லது. ஆசாரத்தில் கிழக்கோரம் உனக்குப் படுக்கை போடச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மேட்டுத்தோட்டத்துக்காரி