நான்காவது வெட்டு உனக்கு

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேனா கடைவதற்கான இரண்டாவது பலாக் கட்டையும் துளை போடும்போதே பிளந்துவிட்டது, ‘எனக்குக் கை வரவில்லை அம்மா’ என்று எழுதியிருக்கிறாய். கையைக் குறை சொல்லாதே, கண்ணா. அதில் நீ ஒட்டியிருந்த கருங்காலிப் பட்டையின் முகத்தை நன்றாகப் பார். வழுவழுவென்று இருக்கிறது. மரம் கிழிந்திருந்தால் பலாவின் நார் கொஞ்சமாவது அதில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். ஒரு நார்கூட இல்லை. விட்டுக்கொடுத்தது பசைதான்.

கருங்காலி மிக அடர்ந்த மரம். பசை அதற்குள் எளிதில் இறங்காது. ஒட்டும் முகத்தை 120 எண் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது காய்ந்த உடனேயே ஒட்டிவிடு. சூப்பர் குளூ சீக்கிரம் பிடிக்கும் என்பதற்காக இந்த வேலைக்கு அதை எடுக்காதே. காய்ந்தபின் அது நொறுங்கும் தன்மையுடையது, அதிர்ச்சி தாங்காது. இரண்டு பகுதிகளைக் கலந்து பூசும் எபாக்சிப் பசையில் மெதுவாக இறுகும் வகையைப் பூசி, ஒரு முழு நாள் தொடாமல் வைத்திரு. நீ அவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். சிறு வயதிலிருந்தே உனக்கு அந்த அவசரம் உண்டு.

அடுத்தது சூடு. 7 மில்லிமீட்டர் துளையை ஒரே மூச்சில் இறக்கினால் மரத்தூள் உள்ளேயே அடைத்துக்கொள்ளும், உரசல் ஏறும், பசை இளகிவிடும். கொஞ்சம் இறக்கு, வெளியே எடு, தூளை உதிர்த்துவிட்டு மறுபடி இறக்கு. இயந்திரத்தை நிறுத்தி டிரில் பிட்டை விரலால் தொட்டுப் பார். தொட முடியாத சூடு என்றால் தேநீர் குடித்துவிட்டு வா.

முடிச்சுக் கோலம் கோணலாக வருகிறது என்றும் எழுதியிருந்தாய். சதுரக் கட்டையின் நான்கு பக்கத்திலும் 45 பாகையில் ஒரே இடத்தில் வெட்டி, ஒவ்வொரு வெட்டிலும் ஒரு பட்டையை வைத்து ஒட்டுகிறோம் இல்லையா? ரம்பம் தின்றுவிடும் மரம் எத்தனை பருமனோ, பட்டையும் அத்தனை பருமன் இருக்க வேண்டும். மயிரிழை கூடினாலோ குறைந்தாலோ, முன்பு ஒட்டிய பட்டை அடுத்த வெட்டைத் தாண்டும் இடத்தில் இரு பாதியும் நேருக்கு நேர் சேராது. பழைய மரத்துண்டில் ஒரு வெட்டு போட்டு, அந்தச் சந்துக்குள் பட்டை இறுக்கமும் இல்லாமல் ஆட்டமும் இல்லாமல் நுழையும் வரை தேய்த்துக்கொள். துளையும் நட்டநடுவில் விழ வேண்டும். விலகினால் லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், உருட்டும்போது ஒரு பக்கம் வளையம் பெருத்து, மறுபக்கம் சிறுத்துப்போகும்.

நான் முதன்முதலில் இந்த முடிச்சைக் கடைந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. சதுரமாக இருந்தவரை கன்னாபின்னாவென்று கிடந்த கோடுகள், மூலைகள் உதிர உதிர வளைந்து, ஒன்றின்கீழ் ஒன்று நுழைந்து நான்கு வளையங்களாகப் பின்னிக்கொண்டன. லேத்தை நிறுத்திவிட்டு, ஒரு வேலையும் செய்யாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதை நீயும் பார்க்க வேண்டும் என்றுதான் இத்தனையும் எழுதுகிறேன்.

தேய்க்கும்போது கருங்காலியின் கரித்தூள் பலாவின் நுண்துளைகளில் புகுந்து மஞ்சளை அழுக்காக்கிவிடும். கூரான உளியால் மென்மையாகச் சீவி முடித்தால் உப்புத்தாளுக்கு அதிக வேலை இருக்காது. முகமூடி இல்லாமல் லேத்தைத் தொடாதே. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. இதில் மட்டும் உன் சாக்கு எதையும் நான் கேட்கமாட்டேன்.

இத்துடன் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். உள்ளே பலாக் கட்டை ஒன்று இருக்கும். மூன்று வெட்டு போட்டு ஒட்டிவிட்டேன். பக்கங்களில் பென்சிலால் 1, 2, 3 என்று எழுதியிருக்கிறேன். 4 என்று எழுதிய பக்கம் வெட்டாமல் இருக்கிறது. அதற்கான பட்டையைத் தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். என் ரம்பத்தின் கணக்குக்குச் சற்றுத் தடிமனாகவே விட்டிருக்கிறேன்; உன் ரம்பத்துக்கு ஏற்ப நீ தேய்த்துக்கொள்.

ஒட்டிய மறுநாள்தான் துளை. நினைவில் வை.

அன்புடன்,
அம்மா